பாலாடைக்கட்டி ஃபொண்டூ

பாலாடைக்கட்டி ஃபொண்டூ என்பது பாலாடைக்கட்டியை வெள்ளை வைனில் உருக்கிச் செய்யப்படும் சுவிட்சர்லாந்து உணவு ஆகும். மேசையின் நடுவில் சிறு அடுப்பின் மீது ஒரே பாத்திரம் வைக்கப்படும். சுற்றி அமர்ந்திருப்போர் நீண்ட முட்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் தோய்த்து உண்பர். பிரெஞ்சு மொழியில் "ஃபொண்டூ" என்பதற்கு "உருகியது" என்று பொருள். ராக்லெட், உருளைக்கிழங்கால் செய்யப்படும் ரோஸ்டி ஆகியவற்றுடன் இதுவும் அந்நாட்டின் அடையாள உணவாகக் கருதப்படுகிறது. இது பெரும்பாலும் குளிர்காலத்தில் நண்பர்களோ குடும்பத்தினரோ கூடி உண்ணும் உணவாகும். பல உணவகங்களில் குறைந்தது இருவருக்கே இது பரிமாறப்படும்.

வரலாறு

பாலாடைக்கட்டியை வைனுடன் சேர்த்துச் சமைக்கும் குறிப்பு 1699 ஆம் ஆண்டைச் சேர்ந்த சூரிக் சமையல் நூல் ஒன்றில் காணப்படுகிறது. ஆயினும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை "ஃபொண்டூ" என்ற பெயர் முட்டையும் பாலாடைக்கட்டியும் கலந்த வேறோர் உணவையே குறித்தது.

ஃபொண்டூ மலைவாழ் உழவர்களின் உணவு எனப் பரவலாக நம்பப்படுகிறது. உண்மையில் இது மேற்குச் சுவிட்சர்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் வாழ்ந்த நகரத்தாரின் உணவு. குருயேர் போன்ற கொழுப்பு மிகுந்த பாலாடைக்கட்டி விலையுயர்ந்த ஏற்றுமதிப் பொருள் ஆதலால், அதை உருவாக்கிய உழவர்களால் அதை உண்ண இயலவில்லை. பாலக்கோடு, தருமபுரிப் பகுதிகளின் கேழ்வரகுக் களி அதை விளைவித்தவர்களின் அன்றாட உணவாகவே இருந்ததோடு இதனை ஒப்பிடலாம்.

ஃபொண்டூ நாடு முழுவதற்கும் பொதுவான உணவானதற்கு வணிகமே முதன்மைக் காரணம். 1914 இல் தோன்றிய சுவிசு பாலாடைக்கட்டி ஒன்றியம் உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தியது. விற்பனையைப் பெருக்க 1930களில் ஃபொண்டூவைத் தேசிய உணவாக விளம்பரப்படுத்தியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடு முடிந்தபின் படைப்பிரிவுகளுக்கு ஃபொண்டூப் பாத்திரங்களை அனுப்பியது. 1964 இல் தொடங்கிய நியூயார்க் உலகக் கண்காட்சியின் சுவிசு அரங்கு இவ்வுணவை அமெரிக்கர்களிடையே பரப்பியது. இவ்வொன்றியம் 1999 இல் கலைக்கப்பட்டது.

செய்முறை

நால்வருக்கு ஏறத்தாழ 800 கிராம் பாலாடைக்கட்டி தேவைப்படும். "பாதி-பாதி" எனப்படும் வகையில் குருயேரும் வாஷ்ரன் ஃபிரிபூர்ஜுவாவும் சம அளவில் சேர்க்கப்படும். நியூசாட்டெல் வகையில் குருயேரும் எம்மென்டாலும் சேரும்.

"ககலோன்" எனப்படும் கனமான பாத்திரத்தின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, வைனைச் சூடாக்கி, துருவிய பாலாடைக்கட்டியையும் சிறிது சோள மாவையும் இட்டுக் கிளற வேண்டும். இறுதியில் செர்ரிப் பழத்திலிருந்து வடிக்கப்படும் கிர்ஷ் என்னும் மது, மிளகு, சாதிக்காய் ஆகியன சேர்க்கப்படும்.

உருகும் விதம்

பாலாடைக்கட்டியை மட்டும் சூடாக்கினால் புரதம் ஒருபுறம் திரண்டு கொழுப்பு தனியே பிரியும். அதிலுள்ள கேசீன் என்னும் புரதத்தைக் கல்சியம் பிணைத்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். வைனிலுள்ள டார்டாரிக் அமிலம் கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால் கேசீன் தளர்ந்து, கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து நிற்கிறது. சோள மாவு நீரை உறிஞ்சிப் பருத்துக் கலவையைக் கெட்டியாக்கி, துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கிறது. சூரிக்கிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கலவை பிரியாதிருக்க 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் மாவுப்பொருள் தேவை.

இதே கோட்பாட்டைப் பயன்படுத்தி, 1911 இல் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்சு ஸ்டெட்லர் ஆகியோர் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்துப் பதப்படுத்திய பாலாடைக்கட்டியை உருவாக்கினர். இந்தியக் கடைகளில் "சீஸ்" என விற்கப்படும் கட்டிகளும் வில்லைகளும் இம்முறையின் வழிவந்தவை.

உண்ணும் மரபுகள்

ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் அடிவரை கிளற வேண்டும். அப்போதுதான் கலவை அடிப்பிடிக்காது. ரொட்டித் துண்டைப் பாத்திரத்தில் நழுவவிட்டவர் மற்றவர்களுக்கு மது வாங்கித் தருவது போன்ற விளையாட்டுத் தண்டனைகள் உண்டு. 1970 இல் வெளியான "ஆஸ்டெரிக்ஸ்" படக்கதை இவ்வழக்கத்தைப் பகடி செய்துள்ளது. இறுதியில் அடியில் படியும் பொன்னிறக் காந்தல் "கன்னித்துறவி" என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. அதைச் சுரண்டி அனைவரும் பகிர்ந்துகொள்வர். நம் வீடுகளில் பாற்பாத்திரத்தின் அடிக்காந்தலுக்குச் சிறுவர் போட்டியிடுவதை இது ஒத்தது.

எச்சில் பார்க்கும் வழக்கமுள்ள தமிழர்க்கு ஒரே பாத்திரத்தில் பலர் தோய்ப்பது தயக்கம் தரலாம். சுவிசு மரபிலும் இதற்கு ஒழுங்கு உண்டு. முட்கரண்டியில் உதடோ நாவோ படாமல் ரொட்டியைப் பற்களால் மட்டும் எடுக்க வேண்டும். அல்லது தட்டில் இறக்கி வேறு கரண்டியால் உண்ணலாம்.

மரக்கறி உண்போரும் மது அருந்தாதோரும்

இறைச்சி இல்லை என்பதால் ஃபொண்டூவை மரக்கறி உணவு எனக் கொள்வது முழுமையாகச் சரியன்று. குருயேர், பாரம்பரிய முறைப்படி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் கொண்டு உறைய வைக்கப்படுகிறது. இந்தியாவில் பச்சைப் புள்ளியுடன் விற்கப்படும் பாலாடைக்கட்டிகளுக்கு விலங்கு ரென்னெட் பயன்படுத்தப்படுவதில்லை. எனவே இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

சூடாக்குவதால் வைனிலுள்ள மது முழுவதும் நீங்கிவிடுவதும் இல்லை. மதுவைத் தவிர்ப்போர் வாஷ்ரனை மட்டும் கொண்டு செய்யப்படும் ஃபிரிபூர் வகையைக் கேட்கலாம். மென்மையான வாஷ்ரன் குறைந்த சூட்டில் உருகுவதால் அதற்கு வைனுக்குப் பதில் நீரே சேர்க்கப்படும். ஆயினும் சில உணவகங்கள் கிர்ஷ் சேர்க்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

சுவிட்சர்லாந்துத் தமிழர்

1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பெருமளவில் சுவிட்சர்லாந்தில் புகலிடம் கோரினர். இன்று ஏறத்தாழ 50,000 தமிழர் அங்கு வாழ்கின்றனர். தொடக்கத்தில் அவர்கள் வேலை செய்யக்கூடிய துறைகள் குறைவாக இருந்தமையால் பலர் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுபவராகவும் உதவியாளராகவும் சேர்ந்தனர். மொழி தெரியாத நாட்டில் பார்த்துப் பழகியே தொழிலைக் கற்று, பின்னர் சமையலராக உயர்ந்தவர்களும் உண்டு. இவ்வாறு சுவிசு மக்கள் தம் மரபுணவை உண்ணக் கூடும் உணவகங்கள் பலவற்றில் அதைச் சமைத்தளிக்கும் கைகள் தமிழர்களுடையவையாகவும் இருந்துள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

ராக்லெட்
ரோஸ்டி
பாலாடைக்கட்டி
சுவிட்சர்லாந்துத் தமிழர்