நெஞ்சுப் படத்தில் வெள்ளையா? கலங்க வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள்!



அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் வாகையைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூள் மூச்சோடு உள்ளே போகிறது. வீட்டிலே விறகடுப்புப் புகை வேறு. இவை ஆஸ்துமாவைத் தூண்டும்.

"அவருக்கு ஒரு மாசமா இருமல். எக்ஸ்-ரே எடுத்தா நெஞ்சிலே வெள்ளையா இருக்குன்னாங்க. டி.பி.யா இருக்குமோ?" என்று மனைவி கலங்குவார். கணவரோ படத்தைப் பரணில் ஒளித்து வைப்பார். இரண்டும் வேண்டாம்.

படம் என்ன சொல்கிறது?

எக்ஸ்-ரே படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். எலும்பு, சளி, நீர் வெள்ளையாகத் தெரியும். வாய்க்காலில் செத்தை அடைத்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகுமா? அதுபோலத்தான், கெட்டிச்சளி மூச்சுக் கிளைக்குழாயை அடைத்தால் அதற்கு அப்பால் காற்று போகாது. உள்ளே மிஞ்சிய காற்றையும் ரத்தம் உறிஞ்சிவிடும். நுரையீரலின் அந்தப் பகுதி சுருங்கி, படத்தில் வெள்ளையாகும். மூச்சுக்குழலும் இருதயமும் சுருங்கிய பக்கம் இழுபடலாம். நெஞ்சில் நீர் நிறையக் கோத்திருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். டாக்டர் இதைக் கவனித்துப் பார்ப்பார்.

ஆஸ்துமாவோடு பூஞ்சை ஒவ்வாமையும் சேர்ந்தால், விரிந்த குழாய்களில் சளி நிறைந்து, கையுறை விரல்கள் போலப் படத்தில் தெரிவதுண்டு. நம் நாட்டில் இதைக் காசநோய் என்று தவறாக எண்ணுவது உண்டு. சிறு குழாய்களின் அடைப்பு எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம், அப்போது சி.டி. ஸ்கேன் உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். படத்தை மட்டும் வைத்து டி.பி. என்றோ, இல்லை என்றோ நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

2. பழைய படங்களையும் கொண்டு போங்கள். செய்யும் தொழிலைச் சொல்லுங்கள்.

3. கட்டியாலும் குழாய் அடைபடலாம். ஆகவே சிகிச்சைக்குப் பின் வெள்ளை மறைந்ததா என்று டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி படம் எடுங்கள்.

4. "பழகிப் போயிடும்" என்று பயந்து இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

5. தாய்மார்களே! நாள் தள்ளிப் போயிருந்தால் படம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

6. பட்டறையை ஈரத்துணியால் துடையுங்கள். முகக்கவசம் அணியுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்.

பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ரத்தமாக இருமினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

படத்தை ஒளித்தால் நோயும் ஒளிந்து வளரும். கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள், சேர்ந்தே கேளுங்கள்!