சேலை ஒன்று, கணக்கு இரண்டு!

பண்டிகை வருகிறது. வீட்டில் ஐந்து பேருக்குத் துணி எடுக்க வேண்டும். கையில் இருப்பதோ அளவான பணம். கடைக்காரர் இரண்டு பருத்திச் சேலைகளை எடுத்துப் போடுகிறார். ஒன்று விசைத்தறியில் நெய்தது, விலை குறைவு. மற்றொன்று கைத்தறி, விலை இரண்டு மடங்கு. எதை வாங்குவது?

"நெசவாளி வாழக் கைத்தறி வாங்குங்கள்" என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் பால் கணக்கையும் பள்ளிக்கூடச் செலவையும் பார்க்க வேண்டிய தாய் என்ன செய்வார்?

விலை ஏன் அதிகம்?

விசைத்தறியில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். கைத்தறியில் ஒரு தறிக்கு ஓர் ஆள் வேண்டும். சாதாரணப் பருத்திச் சேலைக்கே இரண்டு, மூன்று நாள் ஆகும். தறியில் உட்காருபவர் ஒருவர்தான். ஆனால் நூல் சுற்றுவது, பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது எல்லாம் குடும்பமே சேர்ந்து செய்யும் வேலை.

2019-20 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள்.

நெசவாளிக்குக் கூலி, சேலைக்கு இவ்வளவு என்று கிடைக்கிறது. நெய்த சேலை விற்காவிட்டால் அடுத்த பாவு வராது. பாவு வராவிட்டால் கூலி இல்லை. மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணீர் ஊறும். அப்போதும் வேலை இல்லை!

இது இன்று நேற்று வந்த கஷ்டம் அல்ல. 1953-ல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தது. அண்ணாதுரை திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணி விற்றார். அப்போதைய முதலமைச்சர் ராஜாஜி, வேட்டி சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

வீட்டுக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். 400 ரூபாய்ச் சேலை 2 ஆண்டு உழைக்கிறது. ஆண்டுக்கு 200 ரூபாய். நல்ல நூலில் நெருக்கமாக நெய்த 900 ரூபாய்க் கைத்தறிச் சேலை 4 ஆண்டு உழைக்கிறது. ஆண்டுக்கு 225 ரூபாய். வித்தியாசம் 25 ரூபாய்தான்.

ஆனால் கடையில் நிற்கும்போது கையில் 900 ரூபாய் இருக்க வேண்டுமே! அங்கேதான் சிக்கல். அந்தப் பணம் இல்லாதவர் விலை குறைந்த சேலையை வாங்கினால், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விசைத்தறியை நம்பியும் ஏழைக் குடும்பங்கள் பிழைக்கின்றன.

என்ன செய்யலாம்?

எல்லாத் துணியையும் கைத்தறியில் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஒரு துண்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சிறிதாக இருக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு சேலை, அல்லது ஒரு வேட்டி. அதற்கு மாதாமாதம் சிறிது ஒதுக்கி வையுங்கள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடி உண்டு. மாதத் தவணையில் சேமித்துத் துணி வாங்கும் திட்டமும் உண்டு.

ஏமாறாதீர்கள்!

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். இதில் நஷ்டம் இருவருக்கு. உங்கள் பணமும் போகிறது; நெசவாளியின் கூலியும் போகிறது. சில வகைச் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. துணியில் அந்த முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டாம்.

இன்னொன்று. நெசவாளியே துணி மூட்டையுடன் வாசலுக்கு வந்தால், பாதி விலைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் வீட்டு அடுப்பிலிருந்துதான் வர வேண்டும்.