கிரண்ட்விக் பாதிரியாரும் டென்மார்க்கின் குடியானவர்களும்

டென்மார்க் என்றதும் நம்மவர்க்குத் தரங்கம்பாடிக் கோட்டை நினைவுக்கு வரும். 1845ஆம் வருஷம் அதை ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டுப் போன அச்சிறு ராஜ்யம், அந்த நூற்றாண்டில் அடிமேல் அடி பட்டது. 1807ல் ஆங்கிலேயர் அதன் தலைநகராகிய கோபன்ஹேகனைப் பீரங்கிகளால் தாக்கிக் கப்பற்படையைப் பிடித்துச் சென்றார்கள். 1813ல் பொக்கிஷம் திவாலாயிற்று. 1814ல் நார்வே கைவிட்டுப் போயிற்று. 1864ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுத்துத் தெற்கு மாகாணங்களைப் பறித்துக்கொண்டன. இத்தகைய தேசம் ஐரோப்பியப் பூகோளப் படத்திலிருந்தே மறைந்திருக்கலாம். மறையவில்லை. அதன் காரணங்களை ஆராய்வோர் ஒரு பாதிரியாரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. அவரே நிகோலாய் பிரடரிக் ஸெவரின் கிரண்ட்விக்.

1783ஆம் வருஷம் செப்டம்பர் 8ந் தேதி, ஜீலண்ட் தீவின் தென்பாகத்திலுள்ள ஊட்பி கிராமத்தில், ஒரு பாதிரியாரின் புதல்வராக அவர் பிறந்தார். ஆர்ஹூஸ் நகரத்து லத்தீன் பள்ளியில் பயின்றார். வழக்கொழிந்த பாஷையின் இலக்கணத்தை உருப்போடுவதே அங்கே கல்வி. நாட்டில் கற்றோர் லத்தீனை மெச்சினர். பிரபுக்கள் ஜெர்மனையும் பிரெஞ்சையும் மெச்சினர். டேனிஷ் உழவனுக்குரிய பேச்சென்று ஒதுங்கிக் கிடந்தது. இவ்விதப் பள்ளிகளைப் பிற்காலத்தில் அவர் 'சாவுப் பள்ளி' என்றே அழைத்தார். பதவுரை வேண்டாத பெயர்!

வாயை அடக்கத் தெரியாத மனிதர் அவர். 1810ல் செய்த பரீட்சைப் பிரசங்கத்திலேயே, தேவனுடைய வீட்டில் தேவனுடைய வார்த்தை ஏன் காணாமற் போயிற்று என்று தலைநகரத்துப் பாதிரிமாரை நோக்கிக் கேட்டுக் கண்டனத்துக்கு ஆளானார். 1825ல் கிளாவ்ஸன் என்ற பேராசிரியரைத் தாக்கி எழுதிய சிறு நூல் அவதூறு வழக்கில் முடிந்தது. மறு வருஷம் தம் ஊழியத்தை ராஜினாமாச் செய்தார். அவர் எழுதுவது எதையும் தணிக்கை அதிகாரி பார்த்த பிறகே அச்சிடலாம் என்று தீர்ப்பாயிற்று; 1837 வரை அந்த விலங்கு நீங்கவில்லை. எதிராளியைச் சாடுவதில் அவர் நிதானம் தவறினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை. வடநாட்டுப் பழைய சரித்திரங்களைக் குடியானவனும் படிக்கும் டேனிஷில் பெயர்த்தார். பழைய ஆங்கிலக் காவியமாகிய பேவுல்பை 1820ல் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அவரே. ஆங்கிலேயர் தம் காவியத்தைத் தம் இக்காலப் பாஷையில் முழுவதும் படிப்பதற்கு முன்பே டேனிஷ்காரர் படித்துவிட்டனர்.

1829 முதல் 1831 வரை மூன்று கோடைகளில், பழஞ்சுவடிகளை ஆராய்வதற்காக இங்கிலாந்து சென்றார். தம் தலைநகரைக் கொளுத்திய தேசத்திலிருந்தே ஒரு பாடம் கற்றுவந்ததுதான் விசேஷம். கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் உண்டு, பேசி, வாழ்ந்ததைக் கண்டார். இந்தப் பாக்கியம் ஏன் உழவன் மகனுக்கு இல்லை என்ற கேள்வியோடு திரும்பினார்.

கேள்வி காலத்துக்கு ஏற்றது. ஆலோசனைச் சபைகளை அரசர் அப்பொழுது மாகாணந்தோறும் ஏற்படுத்தினார். சபையில் உட்காரும் உழவனுக்குத் தன் நாட்டின் சரித்திரமும் சட்டமும் தெரியாவிடில், தன் பாஷையில் எழுந்து பேசும் துணிவு இல்லாவிடில், ஆளுகிறவர் கற்றவரே. அவன் வெறும் சாட்சி. ஆதலால் 18 வயது கடந்த வாலிபர்க்குத் தாய்பாஷையில் சரித்திரமும் பாட்டும் உரையாடலுமாக நடக்கும் பள்ளி வேண்டுமென்றார். பரீட்சை கூடாது, பட்டம் கூடாது. உபாத்தியாயர் வாயிலிருந்து வரும் 'உயிருள்ள சொல்'லே பாடம். உழவனிடம் உபாத்தியாயரும் கற்க வேண்டும்.

சோரோ நகரில் அத்தகைய பெரும் பள்ளியை நிறுவ எட்டாம் கிறிஸ்டியன் அரசர் 1847ல் இசைந்தார். மறு வருஷம் ஜனவரியில் அரசர் காலமாகவே திட்டமும் மறைந்தது. அரசாங்கம் செய்யாததை ஜனங்கள் செய்தார்கள். 1844லேயே ஜெர்மன் செல்வாக்கு அழுத்திய எல்லை மாகாணத்தில், ரொட்டிங் கிராமத்தில் முதற் பள்ளி எழுந்தது. 1851ல் கிறிஸ்டன் கோல்ட் என்பவர் ரிஸ்லிங்கேயில் ஒன்று தொடங்கினார். செருப்புத் தைப்பவர் மகனாகிய அவர் மாணவரோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கிக் கற்பித்தார்.

1864ல் ரொட்டிங் பகைவர் வசமாயிற்று. பள்ளித் தலைவர் லூத்விக் ஷ்ரோடர் புதிய எல்லையைத் தாண்டி வடக்கே அஸ்கோவ் கிராமத்தில் 1865ல் பள்ளியை மறுபடி நடத்தினார். தோல்விக்குப் பின்னரே இப்பள்ளிகள் நாடெங்கும் பரவின. அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து விலை வீழ்ந்தபோது, டேனிஷ் உழவர் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் மாறி, 1882ல் யெட்டிங் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைக் கண்டனர். பசு பல உடையவனுக்கும் சில உடையவனுக்கும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது அச்சங்கங்களில் பரவிய விதி. இதையெல்லாம் கிரண்ட்விக்கின் செயல் என்பது மிகை. ஆனால் ஒருவரையொருவர் நம்பிக் கூடிப் பேசும் பழக்கத்தை உழவர் பலர் அப்பள்ளிகளில்தான் கற்றனர்.

1849 ஜூன் 5ந் தேதி அரசியல் சட்டத்தை இயற்றிய சபையில் அவரும் அங்கத்தினர். ஆனால் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்கவில்லை. அவரது வசனம் முட்புதர், அறிஞரே தடுமாறுவர். பாட்டு வேறு. சுமார் 1,500 ஞானப் பாட்டுகள் இயற்றினார். 2002ல் வெளிவந்த டேனிஷ் திருச்சபைப் பாட்டுப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவருடையது. 1839 முதல் வார்ட்டோவ் என்னும் முதியோர் விடுதிக் கோயிலில் ஊழியம் செய்து, 1872 செப்டம்பர் 1ந் தேதி அங்கே பிரசங்கித்து, மறுநாள் இறந்தார்.

1940ல் ஜெர்மன் படை டென்மார்க்கைக் கைப்பற்றிய சில மாதங்களில், ஹால் கோக் என்ற பேராசிரியர் கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் தொடர்ந்து பிரசங்கங்கள் செய்தார். எடுத்துக்கொண்ட விஷயம் கிரண்ட்விக். அப்பள்ளிகளைப் பார்வையிட்டுச் சென்ற அமெரிக்கர் மைல்ஸ் ஹார்ட்டன் 1932ல் டென்னஸியில் ஹைலண்டர் பள்ளியை நிறுவினார். 1955 கோடையில் அங்கே பயின்ற ரோஸா பார்க்ஸ் அம்மையார் அவ்வருஷம் டிசம்பரில் மாண்ட்காமரி நகரப் பஸ்ஸில் வெள்ளையனுக்கு இடம்விட மறுத்தார்.

ரொட்டிங் 1920ல் ஜனங்களின் வாக்கினால் டென்மார்க்கோடு மீண்டும் சேர்ந்தது. அங்கும், நாட்டிலுள்ள எழுபதுக்கு மேற்பட்ட அவ்விதப் பள்ளிகளிலும், இன்றும் பரீட்சை இல்லை. காலையில் எல்லோரும் கூடி ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பாடத்துக்குப் போகிறார்கள்.