ஆட்டமா, அவஸ்தையா?

இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கழகங்கள் 9 வயது நிரம்பாத பாலர்களையே பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கின்றன. 16 வயதில் பலரை வேண்டாமென்று அனுப்பிவிடுகின்றன. இடைப்பட்ட காலமெல்லாம் பிள்ளைக்கு அது விளையாட்டா, பரீட்சையா? உடல் சலித்து, உள்ளமும் சோர்ந்து, பந்தைக் கண்டாலே கசந்துபோகும் சிறுவர் உண்டு.

நார்வே தேசத்தார் வேறு வழி கண்டனர். அங்குள்ள விளையாட்டுச் சம்மேளனம் குழந்தைகளின் உரிமைகளை விதியாகவே வகுத்தது. இன்றைய விதிப்படி 11 வயதை எட்டும் ஆண்டுவரை வெற்றி தோல்விப் பட்டியல் கிடையாது. 13 வரை தேசீயப் பந்தயமும் இல்லை. இதனால் ஆற்றல் குன்றிற்றா? பிரைன் என்னும் சிற்றூர்க் கழகத்தில் விளையாடி வளர்ந்த எர்லிங் ஹாலண்டு, அதே இங்கிலாந்தில் 2022-23 பிரீமியர் லீக் பந்தயங்களில் 36 கோல் போட்டார்!

உபாத்தியாயராகிய நாம் மைதானத்தில் காண்பது ஒன்று: ஓரத்தில் நின்று தகப்பனார் கூவினால், பையன் பந்தைப் பாரான், தகப்பனார் முகத்தையே பார்ப்பான். பெற்றோர்களே, அவன் கண்ணைப் பந்துக்கே விட்டுவிடுங்கள்.