தட்டுத் தொட்டியில் ஓர் ஆலமரம்

பாத்திரம் துலக்க வாங்கிய ஸ்பாஞ்சு புதிதாக ஒன்று வீட்டில் இருந்தால் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல் வடிவத்தில் இருந்தால் நல்லது. அதை வாளித் தண்ணீரில் அமுக்கி, குடிக்கும் மட்டும் குடிக்க விடுங்கள். பிறகு வெளியே எடுத்து, பிழியாமல், படுக்கை வாட்டில் விரல் நுனிகளால் தாங்கிப் பிடியுங்கள். நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, சற்று நேரத்தில் நின்றுவிடும். இனி ஒரு சொட்டும் வராது என்று உறுதியான பின், ஸ்பாஞ்சைத் திருப்பி நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். என்ன ஆயிற்று? மீண்டும் வடிகிறது! நீங்கள் பிழியவில்லை. ஸ்பாஞ்சு மாறவில்லை. நிறுத்திய விதம் ஒன்றுதான் மாறியது.

இந்தச் சிறு சோதனையை நான் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே செய்திருந்தால் ஒரு புளியமரம் பிழைத்திருக்கும். 18 வயது மரம். உயரம் ஒன்றரைச் சாண்.

எங்கள் வீடு தண்டலத்தில் இருக்கிறது. பூவிருந்தவல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தைக் கடந்ததும் வரும் ஊர். கண்டெய்னர் லாரிகளும் ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்களும் இரவு பகல் பாராமல் ஓடும் சாலை அது. 2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் மொட்டை மாடியில் நின்றபோது சாலைக்கு அப்பால் ஒரு நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது. கல்லூரி மூடியிருந்தது. சமையலறை மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து வெப்ப இயக்கவியல் பாடம் நடத்தினேன். பின்னால் குக்கர் விசிலடிக்கும். பாடத்துக்குப் பொருத்தமான பக்கவாத்தியம் என்று ஒரு மாணவர் எழுதி அனுப்பினார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளின் பிரசவத்துக்காக மார்ச் நடுவில் மனைவியுடன் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். பத்து நாளில் திரும்புவதாகச் சொல்லி எங்களிடம் சாவியைக் கொடுத்திருந்தார். அவருடைய மாடியில் 11 போன்சாய் மரங்கள் இருந்தன. ஆல், அரசு, இச்சி, புளி, காகிதப்பூ என்று ஒவ்வொன்றும் ஆழமில்லாத தட்டுத் தொட்டியில் நிற்கும். கிளைகளை வளைக்க அவர் சுற்றியிருந்தது மோட்டார் காயிலில் கழற்றிய பழைய செம்புக் கம்பி.

"மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு ஊத்துங்க சார். அவ்வளவுதான் சங்கதி" என்று தொலைபேசியில் சொன்னார். மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் அல்லவா!

குறுமரம் குள்ள இனமா?

போன்சாய் என்பது தனி மர இனம் அன்று. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள். கலை சீனத்தில் பிறந்து ஜப்பானில் வளர்ந்தது. பக்கத்து வீட்டுத் தட்டில் நின்ற ஆலும், சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் விழுதூன்றிப் பரந்து நிற்கும் ஆலும் ஒரே இனம். அடையாற்று மரத்தின் தாய்த்தண்டு 1989-இல் புயலில் சாய்ந்த பிறகும் விழுதுகளால் அது நிற்கிறது. போன்சாய் ஆலின் கிளையை வெட்டி வயல் வரப்பில் நட்டால் அதுவும் அப்படியே வளரும். மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு எப்படிச் சிறுத்தது? நுனி மொட்டில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அடங்கியிருந்த பக்க மொட்டுகள் துளிர்க்கின்றன. மரம் உயராமல் புதராகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரையும் கத்தரித்து, புது மண்ணில் வைக்கிறார்கள். வேர் குறைந்தால் மேலே போகும் நீரும் உப்புகளும் குறையும்; அதற்கேற்ற அளவில்தான் தழை வளரும். கோயில் கோபுரத்துச் செங்கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். யாரும் கிள்ளாமலே அது பல ஆண்டுகள் கன்றாகவே நிற்பதும் வேருக்கு இடம் போதாமையால்தான்.

மரம் சிறியது என்பதால் அதன் வேலை சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். இலைகள் பகல் முழுவதும் நீராவியை வெளியிடுகின்றன. ஏப்ரல் வெயிலில் ஒரு பிடி மண்ணிலுள்ள நீர் எத்தனை நேரம் தாங்கும்? இதை நினைத்துத்தான் நான் அஞ்சினேன். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் குழாயைத் திறந்தேன். வேகமாகப் பீய்ச்சியதில் இரண்டு தட்டுகளில் மேல்மண் கரைந்து வேர் தெரிந்தது. எங்கள் தோட்டத்துக்கென முன்பு வாங்கி வைத்திருந்த ஏரி வண்டல் அரை மூட்டை இருந்தது. வயலுக்கு அதைவிடச் சிறந்த உரம் உண்டா? இரண்டு தட்டுகளிலும் அள்ளிப் போட்டு அழுத்திவிட்டேன். ஒன்றில் புளி, மற்றொன்றில் ஆல்.

ஏப்ரல் கடைசியில் புளியின் இலைகள் வாடித் தொங்கின. தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் எல்லா இலைகளும் உதிர்ந்தன. கிளையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சையே இல்லை. மே முதல் வாரத்தில் ஆலும் பழுக்கத் தொடங்கியது. மரங்களிலெல்லாம் மூத்தது அதுதான். அவர் திருமணம் ஆன ஆண்டில் நட்டது என்று என் மனைவி சொன்னபோது எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

தராசு சொன்ன சேதி

ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகள்தான் சமையலறைத் தராசை மாடிக்கு எடுத்து வந்தாள். "எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு நிறுத்துப் பாத்துடலாம்ப்பா" என்றாள். நீராவிப்போக்கை அளக்க இதைவிட எளிய வழி இல்லை. காலையில் நீர் ஊற்றி, வடிந்து நின்றதும் தட்டை நிறுக்க வேண்டும். மாலையில் மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடை, ஆவியாய்ப் போன நீர். உங்கள் வீட்டுத் துளசித் தொட்டியிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் நலமாயிருந்த அரசை நிறுத்தோம். காலையில் 3,150 கிராம், மாலையில் 2,870. ஒரு பகலில் 280 கிராம் குறைந்திருந்தது. ஏறக்குறைய அதே அளவுத் தட்டில் வாடி நின்ற ஆல் குறைந்தது 40 கிராம் மட்டுமே! தாகத்தால் வாடுகிறது என்று நான் எண்ணிய மரம், நீரில் நின்றுகொண்டே குடிக்க முடியாமல் தவித்திருக்கிறது.

வேரும் சுவாசிக்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றின் வழியாக ஆக்சிஜன் எளிதில் பரவி வேரை அடையும். அந்த இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டாலோ, நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. இலை வாடுகிறது. பார்ப்பவர் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுகிறார்.

தட்டின் அடியில் துளை இருக்கிறதே, நீர் வடிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது ஸ்பாஞ்சை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் உள்ளே நீர் ஏறி நிற்கும் என்று படித்திருக்கிறீர்கள். நுண்புழை ஏற்றம் எனப்படும் இதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் ஏறும். தூய நீருக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: 15-ஐ குழாயின் ஆரத்தால் வகுங்கள், ஆரமும் விடையும் மில்லிமீட்டரில். ஆரம் அரை மி.மீ. என்றால் உயரம் 30 மி.மீ. ஆரம் 0.1 மி.மீ. என்றால் 150 மி.மீ.

மண்ணின் இடைவெளிகளும் ஒழுங்கற்ற நுண்புழைகளே. துளை வழியே நீர் வடியும்போது, இந்த உயரத்துக்கு மேலுள்ள நீர் மட்டுமே வெளியேறும். அதற்குக் கீழே உள்ளதை மண் பிடித்துக்கொள்ளும். துளை எத்தனை பெரிதானாலும் விடாது. இந்த ஈர அடுக்கின் உயரம் மண்ணைப் பொறுத்தது, தொட்டியைப் பொறுத்ததன்று. இங்குதான் சூட்சுமம். 0.1 மி.மீ. ஆரமுள்ள இடைவெளிகளைக் கொண்ட மண்ணை 25 செ.மீ. ஆழமுள்ள வாளியில் நிரப்பினால் கீழ் 15 செ.மீ. நீரில் ஊறும், மேல் 10 செ.மீ. வேருக்குக் காற்று கிடைக்கும். அதே மண்ணை 5 செ.மீ. ஆழமுள்ள போன்சாய்த் தட்டில் நிரப்பினால்? அடி முதல் மேல் வரை முழுதும் சேறு. வண்டலின் துகள்களோ இதைவிட நுண்ணியவை.

ஆழமில்லாத பாத்திரத்தில் நீர் சீக்கிரம் வடிந்து காய்ந்துவிடும் என்றுதானே தோன்றுகிறது? உண்மை நேர்மாறு. நெட்டுக்குத்தாய் நிறுத்திய ஸ்பாஞ்சு வாளி. படுக்கவைத்த ஸ்பாஞ்சு தட்டு.

வீடியோ அழைப்பில் மரத்தைக் காட்டினோம். அவர் முதலில் பார்த்தது இலையை அல்ல. "அது என்ன சார், மேல கறுப்பா மண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். புளியைப் பற்றியும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆலை எடுத்துரலாம். செங்கல் இருக்கா?" என்றார்.

கடைகள் திறந்து செங்கல் வாங்கும் நிலை இல்லை. கைப்பிடிச் சுவர் கட்டியபோது மிஞ்சிய உடைசல் மாடி மூலையில் கிடந்தது. சுத்தியலால் நொறுக்கி, அரிசி சலிக்கும் சல்லடையில் மகள் சலித்தாள். (அந்தச் சல்லடை பிறகு சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை.) தூளை நீக்கி, மிளகு முதல் கடலைப்பருப்பு வரையிலான அளவுள்ள துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். செங்கல்லில் ஒரு நன்மை உண்டு. துண்டுகளுக்கு இடையே பெரிய இடைவெளிகள். அவற்றில் நீர் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் நிற்காது, காற்று புகும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவை நீரைச் சேமித்து வைக்கும். ஒரே பொருள் பானையாகவும் சன்னலாகவும் வேலை செய்கிறது.

ஆலைத் தட்டிலிருந்து எடுத்தபோது சாக்கடை வாடை அடித்தது. கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, மிஞ்சியதைக் கழுவினோம். தட்டின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக இறங்குமே என்று நான் ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையசைத்தார். அவர் சொன்னது சரிதான். மேலே நுண்ணிய மண், கீழே பருத்த கல் என்றால், மண்ணைவிட்டு நீர் கல்லுக்குள் இறங்காது. ஈர அடுக்கு கல்லுக்கு மேல் வந்து நிற்கும். வேருக்கு இருந்த கொஞ்சம் காற்றிடமும் போகும். துளையை மறைக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும். பூந்தொட்டி வைக்கும் வீடுகளில் பாதியில் இந்தத் தவற்றைக் காணலாம்.

நட்ட மரத்தை மாடிப்படியின் கீழ் நிழலில் வைத்து, வேர் பிடிக்கும்வரை நீராவி இழப்பைக் குறைக்க மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடினோம். மே 8 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் மீண்டும் உற்பத்தி தொடங்கியது. மற்றவையும் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாலையில் லாரிச் சத்தம் திரும்பியது. ஆல் மட்டும் மொட்டைக் குச்சியாக நின்றது. நாள்தோறும் நிறுத்து நோட்டில் எழுதினோம்: 30 கிராம், 30, 25, 30. ஜூன் நடுவில் ஒரு நாள் 45. இலை ஏதும் தெரியவில்லையே என்று மகள் உறையை நீக்கிப் பார்த்தாள். தண்டின் அடிப்புறத்தில், சிவந்த உறைக்குள், கடுகளவில் மூன்று மொட்டுகள் இருந்தன.

அந்த நாட்களில் ஒரு செய்தியை மகளுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரப்பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் உள்ளது. 1625 முதல் தட்டில் வளர்ந்து வருவது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் யமகி குடும்பத்தாரின் தோட்டத்தில், சுவர் மறைவில் நின்று பிழைத்தது. 1976-இல் மசாரு யமகி அதை அமெரிக்காவுக்குப் பரிசளித்தபோது அந்தக் கதையைச் சொல்லவில்லை. 2001-இல் அவருடைய பேரர்கள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் பூங்காவினருக்கு முழு விவரம் தெரிந்தது. "அப்போ 400 வருஷமா யாராவது ஒருத்தர் தினமும் பாத்திருக்காங்க" என்று கணக்குப் போட்டாள் மகள். போரிலும்கூட.

2020 செப்டம்பரில் தமிழகத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. பஸ்களும் ஓடத் தொடங்கின. பக்கத்து வீட்டுக்காரர் வந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஏறினார். ஆலின் புதுக் கிளைகளைச் சுற்றி வந்து பார்த்தார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த புளியின் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"மே மாசத்திலேருந்துதான் இருக்கு. ஏப்ரல் எங்க சார்?"

"ஏப்ரல்ல எழுதலைங்க."

தலையசைத்துவிட்டு, தட்டை என் மகளிடம் கொடுத்தார். எங்கள் கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்று இப்போது அதில் நிற்கிறது. இன்று காலை நீர் வடிந்த பின் அதன் எடை 1,640 கிராம்.