பருவத்தின் முதல் ஆட்டங்களுக்கு ஏன் ஆள் வருவதில்லை?

இலங்கையில் பாடசாலைக் கிரிக்கெட் பருவம் செப்டெம்பர் அளவில் தொடங்கி, மார்ச் மாதத்துப் பிக் மெட்சுகளில் உச்சத்தைத் தொடுகிறது. 1879இல் ஆரம்பமான ரோயல் – தோமியன் போட்டிக்குக் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம் நிரம்பி வழியும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்துகூடப் பழைய மாணவர்கள் லீவு போட்டு வருகிறார்கள். அதே பையன்கள் ஒக்டோபரிலோ நவம்பரிலோ சொந்த மைதானத்தில் ஆடும்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே யார் இருக்கிறார்கள்? பயிற்றுநர், ஸ்கோர் எழுதும் மாணவர், சோற்றுப் பொதியோடு வந்த இரண்டு மூன்று பெற்றோர். இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலைப் பக்கத்தில் இந்த வெறுமை இன்னும் கூடுதல். இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் செத்துவிட்டது என்பது. அந்தத் தீர்ப்பு தவறு. ஆர்வம் இருக்கிறது. அந்த ஆட்டங்களைப் பார்க்க வரச்சொல்லி நாம் ஊரைக் கூப்பிடுவதில்லை. வர முடியாத நேரத்தில், வர முடியாத இடத்தில் வைத்துவிட்டு, வரவில்லை என்று குறைப்படுகிறோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. கல்லூரி விளையாட்டைப் பெரும் தொழிலாகவே நடத்தும் அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் முதற்பிரிவில் 350க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. நவம்பர் தொடக்கத்தில் பருவம் ஆரம்பிக்கும்; மார்ச்சில் 68 அணிகள் மோதும் சுற்றுப்போட்டி வரும்போது நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடும். நவம்பரிலோ உள்ளரங்குகளில் வரிசை வரிசையாக இருக்கைகள் காலி. அப்போது அமெரிக்கக் கால்பந்துப் பருவமும் ஓடிக்கொண்டிருக்கும். நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு மாணவர்கள் வீடு போய்விடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் எதிரணி. பெரிய கல்லூரிகள் பருவத் தொடக்கத்தில் சிறிய கல்லூரிகளைப் பணம் கொடுத்து அழைத்து, சொந்த அரங்கில் வைத்து ஜெயிப்பது அங்கே வழக்கம். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு ஏன் போவது என்று இரசிகர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். பருவம் முழுவதற்குமான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கியவர்கூட வருவதில்லை. அறிவிக்கப்படும் பார்வையாளர் தொகை பெரும்பாலும் விற்ற டிக்கெட்டின் கணக்கு என்பதால், காகிதத்தில் நிரம்பிய அரங்கு கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும்.

முடிவு தெரியும் என்ற அந்த நம்பிக்கைகூட எப்போதும் பலிப்பதில்லை. 2019 நவம்பர் 12ஆம் திகதி, நாட்டின் முதலாம் இடத்திலிருந்த கென்டக்கி, 90,000 டொலர் கொடுத்து எவன்ஸ்வில் என்ற சிறிய பல்கலைக்கழக அணியை அழைத்தது. காசையும் வாங்கிக்கொண்டு 67–64 என்று வென்றுவிட்டுப் போனது எவன்ஸ்வில். சரியாக இரண்டு வாரம் கழித்து, அப்போது முதலிடத்துக்கு வந்திருந்த டியூக்கை அதன் சொந்த அரங்கிலேயே ஸ்டீபன் எஃப். ஒஸ்டின் அணி மேலதிக நேரத்தில் 85–83 என்று வீழ்த்தியது. தன் லீக்குக்கு வெளியேயுள்ள அணிகளுக்கு எதிராக, சொந்த அரங்கில் டியூக் தொடர்ந்து 150 ஆட்டங்களை வென்று வந்த வரிசை அன்றோடு அறுந்தது.

ஆட்டத்தின் தரம் நன்றாக இருந்தால் கூட்டம் தானாக வரும் என்பது நியாயமான வாதம்போலத் தெரியும். பிக் மெட்சுகளின் கணக்கைப் பார்த்தால் அது நிற்காது. ரோயல் – தோமியன் வரலாற்றில் ஏறத்தாழப் பாதி ஆட்டங்கள் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தவை. தோற்றுவிடக் கூடாது என்ற பயத்தில் மணிக்கணக்காகத் தடுத்தாடுவது பிக் மெட்ச்சில் சாதாரணம். ஒக்டோபர் மாதத்து வெறும் மைதானத்தில் அதைவிட விறுவிறுப்பான கிரிக்கெட் நடந்திருக்கலாம். இருந்தும் கூட்டம் மார்ச்சுக்குத்தான் வருகிறது. திகதி ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும். கூடப் படித்தவன் வருவான் என்று தெரியும். பபரே வாத்தியம் இருக்கும், கொடி இருக்கும். அன்று போகாவிட்டால் ஊரில் நடந்த ஒன்றைத் தவறவிட்டதாகும். ஆட்டத்தைச் சுற்றி ஒரு நாளைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள், அந்த நாளுக்காக மக்கள் வருகிறார்கள். தரம் அதற்குப் பிறகுதான்.

அப்படிக் கட்டி எழுப்புவது பருவத்தின் தொடக்கத்திலும் முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல சான்றுகள் உண்டு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராக இருந்த லெஃப்டி டிரிசெல், பயிற்சி தொடங்க அனுமதிக்கப்பட்ட முதல் நாளான 1971 ஒக்டோபர் 15ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களிலேயே தன் அணியை மைதானத்தில் ஓடவிட்டார். அதைப் பார்க்க மாணவர்கள் கூடினார்கள். ஆட்டம்கூட இல்லை, வெறும் பயிற்சி. அந்த நள்ளிரவு வழக்கம் பிறகு நாடெங்கும் பரவி, பல கல்லூரிகளில் அரங்கு நிறைந்த விழாவாகிவிட்டது. இந்தியானா மாநிலத்திலுள்ள டெய்லர் என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் அழகானது. அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் தவணைப் பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டத்தில், தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுக்கும்வரை மாணவர்கள் மூச்சுக்காட்டாமல் இருப்பார்கள். பத்தாவது புள்ளி விழுந்ததும் கட்டடமே அதிரும். எதிரணி யார் என்று வெளியூரில் யாருக்கும் தெரியாது. அரங்கில் நிற்க இடம் இருக்காது. ஹவாயில் 1982 டிசம்பரில் ஷமினாட் என்ற மிகச் சிறிய கல்லூரி, முதலாம் இடத்திலிருந்த வர்ஜீனியாவைத் தோற்கடித்தது. அந்த அதிசயத்திலிருந்து பிறந்து 1984இல் தொடங்கிய மவுயி அழைப்புப் போட்டி, நவம்பர் மாதத்தில் 2,400 பேர் கொள்ளும் சிறிய உள்ளரங்கில் நடந்தே நாட்டின் பேர்பெற்ற தொடர்களில் ஒன்றாகியது. மூன்றுமே பருவம் சூடுபிடிக்காத மாதங்களில் நடப்பவை. மூன்றிலும் திகதி நிலையானது, வருகிறவருக்குச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். சப்ரகமுவவில் பருவத் தொடக்கம் மழையோடு மோதுகிறது. இரத்தினபுரிக்கு ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். ஒதுங்கக் கூரை இல்லாத மைதானத்துக்கு, ஆட்டம் நடக்குமா என்றே தெரியாமல் யாரும் குடை பிடித்துக்கொண்டு போவதில்லை. இதோடு பரீட்சையும் சேர்ந்துவிட்டது. முன்பு ஓகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சை 2024இலும் 2025இலும் நவம்பரில் தொடங்கியது. மூத்த மாணவர்கள் ஆடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. பாடசாலை நாளில் ஆட்டம் வைத்தால் பெற்றோருக்கும் வழியில்லை.

தோட்டப் பெற்றோருக்கு அது இன்னும் கடினம். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மகனின் ஆட்டத்தைப் பார்க்கப் போகும் தாய் அன்றைய பேரை, அதாவது அந்த நாட்சம்பளத்தை, இழக்கிறாள். பஸ் காசும் ஆட்டோக் காசும் அதற்கு மேல். இரத்தினபுரி – பலாங்கொடை வீதியிலுள்ள ஓப்பநாயக்க ஒருகாலத்தில் களனிவெளி ரயில் பாதையின் கடைசி நிலையம். அவிசாவளைக்கு அப்பால் அந்தப் பாதை 1970களில் மூடப்பட்ட பிறகு, அந்த வீதியில் ஓடும் பஸ்தான் எல்லாம். பிரதான வீதிக்கு இறங்கி வருவதற்கே பல லயங்களிலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். இப்படி ஒரு தாய் வராததை ஆர்வக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

ஆர்வம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி தோட்டங்களிலேயே உண்டு. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டம் தோட்டத்து இளைஞர்களின் பிரியமான ஆட்டம். பொங்கலுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ தோட்டத்துக்குள் போட்டி வைத்தால், வலையைச் சுற்றிச் சிறுவர், கிழவர், கைக்குழந்தையோடு பெண்கள் என்று நிற்பார்கள். அங்கே ஆடுகிறவர்கள் தேசிய அணி வீரர்கள் அல்ல. ஆனால் வேலை இல்லாத நாள், நடந்து போகும் தூரம், ஆடுகிறவன் பக்கத்து லயத்துப் பிள்ளை. இந்த மூன்றும் கூடினால் போதும். பாடசாலை மைதானத்தில் இந்த மூன்றில் ஒன்றையாவது உண்டாக்க நாம் முயன்றிருக்கிறோமா?

கைத்தொலைபேசிதான் கூட்டத்தைத் தின்றது என்போர் உண்டு. பாடசாலை ஆட்டங்கள் இப்போது இணையத்தில் நேரடியாக வருவதும் உண்மை. ஆனால் ஒளிபரப்பும் தொலைபேசியும் மார்ச் மாதத்திலும் இருக்கின்றனவே. பிக் மெட்ச் மைதானம் அதனால் வெறுமையாகிவிடவில்லை. நேரடியாகப் போகக் காரணம் எதுவும் இல்லாதபோதுதான் தொலைபேசி அந்த இடத்தைப் பிடிக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்துச் சிறிய பாடசாலை ஒன்றின் முதல் ஆட்டத்தை எந்த இணையத்தளமும் காட்டப்போவதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். அந்த ஆட்டத்தை நேரில் பார்க்காவிட்டால் எங்குமே பார்க்க முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. பிள்ளைகள் ஆடுவது தங்கள் உடலுக்கும் மனதுக்கும், பார்வையாளர் எதற்கு? வெறும் மைதானத்தில் பதற்றம் இல்லாமல் ஆடிப் பழகட்டுமே? இதில் ஒரு பங்கு உண்மை. சாதாரண ஆட்டங்களில்தான் ஆட்டக்காரன் உருவாகிறான். தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தாத்தாவின் பேரனான முத்தையா முரளிதரன், கண்டி சென். அந்தோனியார் கல்லூரிக்காக ஆடிய கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த இரண்டு ஆண்டுப் பிக் மெட்சுகளிலும் எதிரணியின் அத்தனை விக்கெட்டையும் அவரே எடுத்திருந்தாலும் நாற்பதைத் தாண்டாது. மிச்சமெல்லாம் பேர் சொல்லும் அளவுக்குக் கூட்டம் இல்லாத ஆட்டங்களிலிருந்து வந்தவையே. 1992இல் டெஸ்ட் அணிக்குள் நுழைந்து 800 விக்கெட்டுகளோடு ஓய்வுபெற்ற ஒருவரின் கை அங்கேதான் பழகியது. ஆகவே அந்த ஆட்டங்கள் குறைக்கப்படக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாரும் பார்க்காத எதையும் நிர்வாகம் முதலில் வெட்டும். காசு இறுகும்போது பஸ் கட்டணமும் பந்துச் செலவும் பிக் மெட்சுக்கு ஒதுக்கப்பட்டு, ஒக்டோபர் ஆட்டங்கள் கைவிடப்படும். பிக் மெட்ச் என்று சொல்ல ஒன்றும் இல்லாத தோட்டப் பாடசாலைகளுக்கு அதோடு விளையாட்டே முடிந்தது. பார்க்க நாலு பேர் வருவது ஆடுகிறவனின் பெருமைக்காக மட்டுமல்ல, அந்த ஆட்டம் அடுத்த வருடமும் நடப்பதற்காகவும்தான்.

பெண் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2018இலும் 2022இலும் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் உலகறிந்த வீராங்கனை. அப்படியிருந்தும் நம் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் நடக்கும்போது, பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகளைக்கூட வெளியே விடுவதில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஏழெட்டுச் சொந்த மைதான ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையோ போயா தினத்திலோ வைக்கலாம். ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு நண்பகலுக்குள் முடிந்துவிடும். தேயிலைத் தோட்டத்துக்கு அப்படியில்லை. எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்த்து நேரத்தை வைப்பது அதிபருக்கு முடியாத காரியமல்ல. மழைக்குப் பயந்தால், கிரிக்கெட்டைக் காலையில் தொடங்கி ஓவர்களைக் குறைக்கலாம், அல்லது அந்த நாளைக் கரப்பந்தாட்டத்துக்கும் வலைப்பந்தாட்டத்துக்கும் கொடுக்கலாம். கோயில் திருவிழாவுக்கு ஒட்டுவதுபோல ஆட்டத்துக்கும் பஸ் தரிப்பிடத்திலும் பெரட்டுக்களத்திலும் கோயில் வாசலிலும் நோட்டீஸ் ஒட்டலாம். அதில் ஆடுகிற பிள்ளைகளின் பேரும் அவர்கள் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்பதும் இருக்கட்டும். பாடசாலையின் வாத்தியக் குழு மார்ச்சுக்கு மட்டுமா சொந்தம்?

பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிக் மெட்ச்சுக்குக் கூடாரமும் டீ சேர்ட்டும் அடிக்கும் காசில் ஒரு சிறு பங்கை, பருவத்தின் முதல் சொந்த மைதான ஆட்டத்துக்குத் தோட்டப் பெற்றோரை ஏற்றிவர ஒரு பஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். அடுத்த செப்டெம்பருக்கு முன் அதிபரைச் சந்தித்து அந்த ஆட்டத்தின் திகதியைக் கேட்டு வாங்குங்கள். அன்று நீங்களும் வாருங்கள்.