உயிர் பிழைத்த பின்னர்...

களமருதூர் போன்ற ஊர்களில், சாலை விபத்தில் தலை அடிபட்டவர் பிழைத்து வீடு திரும்பினால், "கண்டம் தப்பியது" என்று சுற்றத்தார் மகிழ்வர். உண்மையான பாடு தொடங்குவதே அப்போதுதான்.

மடிந்த மூளை அணுக்கள் மீள்வதில்லை. எனினும், இடைவிடாத பயிற்சியினால், பழுதுறாத பகுதிகள் அவற்றின் வேலைகளில் சிலவற்றை ஏற்றுக்கொள்ளப் பழகுகின்றன. நடையும் பேச்சும் தேற மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும்.

1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. மூளைக் காயமுற்றோரும் அங்கு பயிற்சி பெறுகின்றனர். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது.

அடிபட்டவர் சொன்னதை மறக்கலாம், காரணமின்றிச் சீறலாம். அது திமிரன்று, காயத்தின் விளைவு. இதை வீட்டார் முதலில் உணர வேண்டும். நாள்தோறும் பயிற்சி அளிக்க வேண்டியவர்கள் அவர்களே அன்றோ?